நான்கு நிமிட இஞ்சி டீ

இன்று காலை அலுவலகத்தில் புதிய வெப் அப்ளிகேஷனை முதன்முதலாக ஓட்டிக் காட்டினார்கள். டீ கப்பைக் கையில் எடுப்பதற்குள் திரையில் வந்து நின்றுவிட்டது. மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கென்னவோ, இவ்வளவு சீக்கிரம் வந்தால் எதையோ பார்க்காமல் விட்டிருக்கும் என்றுதான் தோன்றியது.

என் புத்தி அப்படி. அப்பா கோலார் தங்க வயலில் ஷாஃப்ட் வாயிலில் நின்று, கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் ஏறும் ஆட்களை எண்ணிக் கீழே அனுப்பியவர். எண்ணி முடிக்காமல் மணி அடிக்க மாட்டார். சுரங்கத்தை மூடியபின் எண்ண ஆளில்லாமல் எங்களை எண்ணத் தொடங்கினார். பூதிகோட்டைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பிய வேனில் இருந்தவர்களை மூன்று தரம் எண்ணினார். நாங்கள் போனபோது பந்தியே முடிந்திருந்தது. அவரைக் கேலி செய்துகொண்டே அந்தப் பழக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன்.

கப்பிலிருந்து வந்த இஞ்சி வாசனைதான் ஸ்டெல்லாவை நினைவுக்குக் கொண்டுவந்தது. எங்கள் தங்க வயலின் ஆண்டர்சன்பேட்டைப் பெண். பெங்களூரில் என் முதல் கம்பெனியில் பக்கத்து நாற்காலி. காலை ரயிலிலும் பக்கத்து இருக்கை. டேட்டாபேஸ் டேபிள்களை எங்கள் நிரலோடு பொருத்திவைக்கும் மேப்பிங் அடுக்கு அவள் எழுதியது. அப்ளிகேஷன் எழுந்து நிற்க நான்கு நிமிடம் ஆகும். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் மறுபடி நான்கு நிமிடம். அதற்குள் கீழே போய் இஞ்சி டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம்.

மேனேஜர் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். நான் முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், பிறகு வைரஸ் ஸ்கேனரை, கடைசியில் ஸ்டெல்லாவை. அவள் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

“ஸ்டார்ட் ஆவறப்போ எதையோ ஒண்ணொண்ணா எண்ணிக்கினே கீதுண்ணா. அது இன்னான்னு கொஞ்சம் பாருங்களேன்” என்றாள். பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவளுடைய அடுக்குதான் காரணம் என்று மேனேஜரிடம் சொன்னேன். மூன்று வாரத்தில் அவளை அனுப்பிவிட்டார்கள்.

அவள் எழுதியதை முழுக்க மாற்றி எழுதினேன். அதே நான்கு நிமிடம். அதற்குப் பிறகுதான் அப்ளிகேஷன் தான் செய்வதையெல்லாம் பதிந்துவைக்கும் லாகைத் திறந்து படித்தேன். நானூறு டேபிள்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் பார்க்கச் சொன்ன வரி, வேலையில் சேர்ந்த முதல் வாரம் யாரையும் நம்பாமல் நானே போட்டது. ஆளெண்ணாமல் கேஜ் இறங்கலாமா? வரியை எடுத்தேன், இருபது நொடியில் எழுந்துவிட்டது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒருமுறை ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். அப்பாவை விசாரித்தாள். கிளம்பும்போது, “அது இன்னான்னு கண்டுபுடிச்சீங்களாண்ணா?” என்றாள்.

“நெட்வொர்க்தாம்மா” என்றேன்.

“சரிண்ணா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. டீக்கடையும் இல்லை. எதுவும் நான்கு நிமிடம் காக்கவைப்பதில்லை. காலை ரயிலில் மட்டும், பங்காரப்பேட்டை தாண்டியதும், வழக்கமாக வரும் நம் ஊர்க்காரர்களைப் பழக்கத்தில் எண்ணிப் பார்க்கிறேன். எத்தனை முறை எண்ணினாலும் ஓர் ஆள் குறைகிறது.