கடைசி ஒரு சாண்

"ஆஸ்பத்திரி... பாலம்... மார்க்கெட்... டெப்போ."

ஜிம்மில், தோளில் எடைக்கம்பியோடு அக்கா முட்டியை மடக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நடுவே ஆற அமர மூச்சு விடுகிறாள். டெப்போவில் முழுதாகக் குந்தி, அங்கேயே கொஞ்சம் தங்கி, பிறகுதான் எழுகிறாள். ஒலிபெருக்கியில் பாட்டு தலைதெறிக்க ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் அதற்கு ஈடுகொடுத்துத் தூக்கி, தடாலென்று கீழே போட்டு, முகம் கழுவிக்கொண்டு போயே போய்விட்டார்கள். அக்கா இன்னும் பாலத்தில் இருக்கிறாள்.

அந்த ஜிம்மில் அவளுக்கு 'ஸ்லோமோஷன் அக்கா' என்று பெயர். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கம்பியின் இரு முனையிலும் அவள் மாட்டும் தட்டுகள் டீ சாசரைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. இந்த எடைக்கா இத்தனை நேரம் என்று யாராவது கேட்டால் கோபப்பட மாட்டாள். "வெயிட்டு சின்னதுதாங்க. நேரந்தான் பெருசு. மெதுவா எறங்கிப் பாருங்க, தொடை உங்ககிட்ட நியாயம் கேக்கும்" என்பாள்.

முதலில் பயிற்சியாளர் சொன்னபடி எண்களைத்தான் எண்ணினாள். சரிப்படவில்லை. "வலிச்சா ஒண்ணுக்கப்புறம் நேரா நாலு வந்துடுது. ஸ்டாப்பு பேருன்னா அப்படித் தாவ முடியாதில்ல, நின்னுதானே ஆகணும்?" அவை அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிய தடத்தின் கடைசி நான்கு நிறுத்தங்கள்.

அவர் ஆஜானுபாகுவான மனிதர். கண்டக்டர்கள் செல்லமாக 'டபுள் சீட்டு' என்று கூப்பிடுவார்களாம். பக்கவாதம் வந்து இடது பக்கம் ஓய்ந்தபோது, பேச்சும் கேலியும் மட்டும் முழுசாய் மிஞ்சின. கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு அவரை மாற்றி உட்கார வைப்பது அக்காவின் வேலையாயிற்று. இடுப்புப் பட்டையைப் பிடித்துக் கட்டி அணைத்து, ஒரே மூச்சில் தூக்கிவிடுவாள். இறக்கும்போதுதான் வினை. நாற்காலிக்கு ஒரு சாண் இருக்கையில் கை நழுவிவிடும், அவர் தொப்பென்று விழுவார்.

ஒருநாள் நாற்காலியே பின்னால் சாய்ந்து, தலை ஜன்னல் கம்பியில் இடித்துவிட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்தா மட்டும் எழுப்பும்மா."

எலெக்ட்ரீஷியன் நல்ல மனுஷர்தான். ஆனால் வேலை முடிந்து அவர் வரும்போது வெளிச்சம் போயிருக்கும். தெருவில் போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துப் பழகிய வீட்டுக்காரர், பகல் முழுக்க விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜிம்முக்குள் நுழைந்த அன்று, "எடை குறைக்கணுமாக்கா?" என்று கேட்டாள் பயிற்சியாளர் பெண். அவளுக்கு அக்காவின் மகள் வயதுதான் இருக்கும்.

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரரை அடிபடாம உக்கார வைக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். "தூக்கும்போது கஷ்டமா, இறக்கும்போதா?"

இதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை என்கிறாள் அக்கா. டாக்டர் கேட்கவில்லை, சொந்தபந்தம் கேட்கவில்லை. "எறக்கும்போதுதாம்மா" என்று சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டதாம்.

அன்றிலிருந்து பாடம் முழுக்க இறங்குவதுதான். எடையை ஏற்றவே மாட்டாள் அந்தப் பெண், நேரத்தைத்தான் ஏற்றுவாள். பாரம் உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவும் பலம் என்பது அவள் கட்சி. மாதங்கள் போயின. ஒருநாள் அவளே கையையும் காலையும் துவள விட்டு, "என்னை பெஞ்சுல உக்கார வைங்கக்கா. போட்டாலும் பரவால்ல" என்றாள். அக்கா போடவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது, "பெத்தவங்க கேட்டா என்னைக் கொன்னுருப்பாங்க. அந்தப் புள்ள என்னை நம்புச்சு" என்கிறாள்.

வீட்டில் சம்மதம் வாங்குவது அதைவிடப் பெரும்பாடு. எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒத்துக்கொண்டார். அவளுக்குப் பழைய சந்தேகம், கை நழுவுமோ என்று. அவருக்கும் அதே சந்தேகம். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் அணைத்துத் தூக்கி, திருப்பி, முட்டியை மடக்கி இறங்கத் தொடங்கினாள். வாய் தன்னால் முணுமுணுத்தது.

"ஆஸ்பத்திரி... மார்க்கெட்..."

"பாலத்த விட்டுட்ட" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலேயே.

"சரி. பாலம். மார்க்கெட். டெப்போ."

ஒரு சத்தமும் இல்லை. அணைத்த கையை அவள் எடுக்கவும் இல்லை. கொஞ்சம் பொறுத்து அவர் கேட்டார்: "எப்ப உக்கார வைக்கப் போற?"

"உக்காந்து நேரமாச்சுங்க."

தாங்குவதற்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்ற எலெக்ட்ரீஷியன் அப்போதுதான் அதை மடக்கினார். இப்போதும் சாயங்காலம் தவறாமல் வருகிறார், அரட்டை அடிக்க. அவர் வந்தால் அக்கா முதலில் அவருக்குத்தான் டீ கொடுக்கிறாள். நாற்காலியில் இருப்பவர் அதற்கும் ஒரு குத்தல் வைத்திருக்கிறார்.

காலையில் கடைக்குக் கிளம்புமுன் அவரை ஜன்னலோரம் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க அவர் முன்னாலேயே ஒரு நிமிஷம் குந்தியிருப்பாள். அந்தக் காலத்தில் அவர் வண்டியை டெப்போவில் நிறுத்தி இறங்கியதும், அன்றைக்கு ஒரு குறையும் வைக்காமல் ஓடியதற்காக அதன் முன்பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். இப்போது நல்லாயிருக்கிற வலது கையை நீட்டி, அவள் தோளை அப்படித்தான் தட்டுகிறார்.