எட்டு வருஷப் படிப்பும் ஜாக்ருதிபென்னின் வாயும்

கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்த வாரத்தில்கூட ஜாக்ருதிபென் உண்மை பேசவில்லை. "அவர் வேலை விஷயமா சிகாகோ போயிருக்கார்" என்றாள். அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில், ஒரே மருந்துக்கடையில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்ட்டரில் நிற்கிறவர்கள் நாங்கள். அவள் கணவர் பெயர் ஒட்டிய டப்பாவில் மாத்திரைகளை அடைத்தவளே நான்தான். சிகாகோவுக்குப் போனவருக்கு ரத்தம் உறையாமலிருக்க எதற்கு மாத்திரை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பொய் வைத்திருப்பாள்.

குஜராத்தில் நடியாத்தில் பி.காம். படித்து, கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தவள். மகள் ருத்வியைச் சுமந்தபோது வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்க, ஏழாம் மாதம் வரை வாயுத் தொல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வீடு வாங்கியபோது, பழைய வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருக்கிறோம் என்றாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், கண் பட்டுவிடும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நம் ஊரிலும்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இவள் தன் வாழ்க்கையையே துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

அவளை மட்டும் சொல்வது பாவம். எங்கள் பக்கத்தில் அத்தனை பேரும் இப்படித்தான், அதிலும் 'எட்டு வருஷம்' என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த நாட்டில் டாக்டராக வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் முடித்து, நாலு வருஷம் ஏதாவது ஒரு பட்டம் வாங்கி, அப்புறம் பரீட்சை எழுதி மருத்துவக் கல்லூரி வாசலில் போய் நிற்க வேண்டும். சில இடங்களில் மட்டும் பட்டத்தையும் மருத்துவத்தையும் ஒரே எட்டு வருஷப் படிப்பாகக் கட்டி, பதினேழு வயதுப் பிள்ளைக்கே இடம் கொடுத்துவிடுகிறார்கள். மிகக் கொஞ்சம் இடங்கள். அதற்காக இங்கே பெற்றவர்கள் படுகிற பாடும் படுத்துகிற பாடும் சொல்லி மாளாது. பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வயலின் வாங்கிக் கொடுக்கிறார்கள். கோடை விடுமுறையில் தெரிந்த டாக்டர் ஒருவருக்குப் பின்னால் வாலாக அனுப்புகிறார்கள். ஆப்பிரிக்க ஏழைகளுக்குச் செருப்புச் சேகரிக்க ஒரு சங்கம் தொடங்கி, பிள்ளையைத் தலைவராக்குகிறார்கள். விண்ணப்பம் போன மறுநாள் சங்கத்தை மூடிவிடுவார்கள். ஏழைகள் பழையபடி வெறுங்காலோடு நடந்துகொள்ளலாம்.

இத்தனையும் செய்துவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். "எங்க பையனா? அவன் ஏதோ கம்ப்யூட்டர்னு சொல்லிட்டிருக்கான்" என்பார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே வரிசையில் நிற்கும். எதற்கு நிற்கிறாய் என்று கேட்டால் காற்று வாங்க வந்தேன் என்று சொல்லும்.

இந்தக் கூத்தில் உண்மையாகவே டாக்டர் வேலைக்குப் பிறந்த ஒரு பெண்ணும் மாட்டிக்கொண்டாள். அதுதான் ருத்வி.

ஒரு கோடைக்காலத்தில் எங்கள் கடையில் மருந்துக்கு நின்றிருந்த ஒரு போலந்துக்காரக் கிழவர் வலிப்பு வந்து தொப்பென்று விழுந்தார். அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்த ருத்வி தன் பையை அவர் தலைக்குக் கீழே தள்ளி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நம்ம ஆள் ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணிக்க ஓடிவந்தார். "வேண்டாம் அங்கிள், அவரைப் பிடிக்காதீங்க, தானா நிக்கும்" என்று தடுத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த கிழவரின் மனைவியிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தாள். கிழவருக்குத் தெளிந்தபோது கால்சட்டை நனைந்திருந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் ருத்வி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டிவிட்டாள். இதை எந்த விண்ணப்பத்துக்காகவும் அவள் செய்யவில்லை.

"உங்க பொண்ணு டாக்டராத்தான் வரணும்" என்றார் வரிசையில் நின்ற ஒரு அம்மாள்.

"ஐயோ, இவளா? ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுந்துடுவா. இவ அக்கவுண்ட்ஸ்தான்" என்றாள் ஜாக்ருதிபென்.

ருத்வி தரையைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

செப்டம்பரில், ரகசியத்தை அடக்கி அடக்கி வயிறு வெடித்துவிடும் நிலைமை வந்து, ஜாக்ருதிபென் என்னை மருந்து அடுக்கும் அறைக்குள் இழுத்துப் போனாள்.

"மங்கைபென், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ருத்வி எட்டு வருஷத்துக்குப் போடறா. கிடைச்சா இதுதான், இல்லேன்னா அவ உடைஞ்சு போயிடுவா."

மங்கையர்க்கரசி என்ற என் பெயர், எல்லாரையும் 'பென்', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற இந்தக் குஜராத்திகள் வாயில் மங்கைபென் ஆகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

"நல்ல விஷயம்தானே? இதை எதுக்கு மூடி மூடி வைக்கறீங்க?"

"உங்களுக்குத் தெரியாது. எல்லாரும் வயித்தெரிச்சல் பிடிச்சவங்க. உங்ககிட்ட சொல்றதுல பயமில்லை. உங்க பையன் ஏசி ரிப்பேர்தானே பண்றான், உங்களுக்கு எதுக்குப் பொறாமை வரப்போகுது?"

இதைச் சொல்லிவிட்டு என் கையை அன்பாகத் தட்டிக்கொடுத்தாள். ஜூலை மாதத்தில் அவள் வீட்டு ஏசி நின்றபோது ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஓடிப்போய்ச் சரிசெய்தவன் என் பையன். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கிருந்த இருமல் மருந்தையெல்லாம் அவள் தலையில் கவிழ்த்திருக்கலாம்.

அக்டோபரில் நவராத்திரி வந்தது. உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் கர்பா ஆட்டம். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். சாதாரண நூல் புடவை, முழங்காலில் வலிக்குக் கட்டும் பட்டை. யாரோ ஒருத்தியின் மாமியார், ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆட்டத்தின் நடுவில் நாங்கள் மூச்சு வாங்க வந்து நின்றபோது அவர் ருத்வியைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா ஆடறியேம்மா. என்ன படிக்கப் போறே? டாக்டரா?"

ருத்வி வாயைத் திறப்பதற்குள் ஜாக்ருதிபென் முந்திக்கொண்டாள்.

"டாக்டரா? சீ! யாரு அந்தச் சீழையும் ரத்தத்தையும் கட்டிக்கிட்டு அழறது? வேற எதுக்கும் லாயக்கில்லாதவங்கதான் எட்டு வருஷம் அதுல போய் விழுவாங்க. என் பொண்ணுக்கு அந்த ஆசையே கிடையாது. அக்கவுண்ட்ஸ்."

"அப்படியா?" என்றார் அந்த அம்மாள். ருத்வியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ருத்வி கையிலிருந்த கோலாட்டக் குச்சிகளை உருட்டிக்கொண்டு நின்றாள். அவர் மறுபடி கடலைக்குத் திரும்பினார்.

பிப்ரவரியில், ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஜாக்ருதிபென்னின் கார் நம்பர் பலகையில் எண் கிடையாது. கூடுதல் கட்டணம் கட்டி 'ஜெய் அம்பே' என்று எழுதி வாங்கியது. அந்தக் காரை அங்கே நிறுத்தினால் ஊருக்கே தண்டோரா போட்ட கதை. அதனால் என் பழைய டொயோட்டாதான் போக வேண்டும், ஓட்டுவதும் நான்தான் என்று அவளே முடிவு செய்தாள். ருத்விக்காக ஒப்புக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், காத்திருக்கும் கூடத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டுக் கேத்கிபென். பக்கத்தில் கோட்டும் டையும் மாட்டிய அவள் பையன். இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருடன் திருடனைப் பார்த்தது போல விழித்தார்கள்.

"நாங்க சும்மா... இவனுக்குக் கண்ணு காட்ட வந்தோம்" என்றாள் கேத்கிபென்.

"எனக்கு முட்டி வலி" என்றாள் ஜாக்ருதிபென்.

மகன் கோட்டுப் போட்டுக்கொண்டு கண் காட்ட வந்தான். மகள் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்திக்கொண்டு அம்மாவின் முட்டியைக் காட்ட வந்தாள். அதை நம்பியதாக இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் எழுந்து ஒரே கதவுக்குள் போனார்கள். அப்போதும் அந்த அம்மாமார் முட்டியைப் பற்றியும் கண்ணைப் பற்றியுமே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

திரும்பி வரும்போது ருத்வி பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஜாக்ருதிபென் துளைத்தெடுத்த பிறகு சொன்னாள்.

"நவராத்திரியில செருப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்களே, அவங்கதான் கேள்வி கேட்டாங்க. டாக்டர் சரயு ஜவேரி. குழந்தைங்களுக்கு இதய ஆபரேஷன் பண்றவங்க."

"அந்தக் கிழவியா? கையில ஒரு வளையல்கூட இல்லையே! அவளைப் பார்த்தா டாக்டர்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் ஜாக்ருதிபென்.

"அவங்க என்ன கேட்டாங்க?" என்றேன் நான்.

"அக்கவுண்ட்ஸ் படிக்கப் போற பொண்ணு இங்க எதுக்கும்மா வந்தேன்னு கேட்டாங்க. கண்ணு பட்டுடும்னு அம்மா அப்படிச் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன். சிரிச்சாங்க. அவங்க மெடிக்கல் சேர்ந்தப்போ, அவங்க அம்மாவும் தையல் கிளாஸ் போறான்னுதான் ஊர்ல சொன்னாங்களாம்."

"அப்புறம் என்ன? சிரிச்சுட்டாங்க இல்ல? நம்ம ஆளு, புரிஞ்சுக்குவாங்க" என்று ஜாக்ருதிபென் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம் சிரிக்கலை. அம்மா பேசினது கிடக்கட்டும், நீயும் பக்கத்துலதானே நின்னே, ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு கேட்டாங்க. நாளைக்கு உன் முன்னாடி ஒரு பெரிய டாக்டர் தப்பா மருந்து எழுதுவார், நோயாளிக்குப் பதிலா அவன் சொந்தக்காரன் பொய் சொல்லுவான், அப்பவும் இப்படித்தான் குச்சியை உருட்டிட்டு நிப்பியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

ருத்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணும் சொல்லலை ஆன்ட்டி. அங்கயும் ஒண்ணும் சொல்லலை."

அப்போது எனக்கு அந்தப் பெண் மேலும் கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் பிறந்ததிலிருந்து அவளுக்குப் பதிலாக இன்னொரு வாய் பேசிக்கொண்டிருந்தால், அவள் வாய்க்குத்தான் என்ன பழக்கம் இருக்கும்? ஜாக்ருதிபென்னோ கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மகள் தலையைச் சுற்றி, என் கார் ஜன்னல் வழியாக நெடுஞ்சாலையில் எறிந்தாள். "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவளிடம் சொன்னேன். அவர்கள் மொழியில் மாற்றிச் சொன்னபோது அது யாரோ ஒரு தவளையைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் முடிவு வந்தது. இடம் இல்லை. ருத்வி ஒரு வாரம் தன் அறையை விட்டு வரவில்லை. தட்டில் வைத்தது அப்படியே திரும்பி வந்தது என்று அவள் அப்பா மருந்து வாங்க வந்தபோது என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேத்கிபென் வீடு வீடாகப் பேடா டப்பா கொடுத்தாள். "கண்ணு காட்டத்தான் போனோம், அவங்களே கூப்பிட்டு சீட்டைக் குடுத்துட்டாங்க" என்றாள். பேடாவை வாயில் போட்டுக்கொண்டு எல்லாரும் வாழ்த்தினார்கள்.

ஜாக்ருதிபென் கடையில் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். என் காரில் போனதுதான் தோஷமாம். பின்னால் என் பையனுடைய பழைய இரும்புச் சாமான் கிடந்ததாம், அதில் சனி இருந்ததாம். மற்றவர்களிடம் தலை நிமிர்ந்து, "நாங்க எங்க டாக்டருக்குப் போட்டோம்? அக்கவுண்ட்ஸ்னு நவராத்திரியிலயே சொன்னேனே" என்றாள். ருத்வி அரசுப் பல்கலைக்கழகத்தில் பயாலஜி சேர்ந்தாள். ஊருக்கு அதுவும் அக்கவுண்ட்ஸ்தான்.

மறுபடி நவராத்திரி. அதே அரங்கம், அதே செருப்புக் குவியல். மடக்கு நாற்காலியில் இந்த முறை வேறு யாரோ. ஆட்டம் நின்று எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்த நேரம் பார்த்து, கேத்கிபென் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரித் தேன் ஒழுகக் கேட்டாள்.

"ருத்வி, அக்கவுண்ட்ஸ் எல்லாம் எப்படிம்மா போகுது?"

"சூப்பரா போகுது!" என்றாள் ஜாக்ருதிபென். "முதல் பரீட்சையிலயே..."

"நான் டாக்டர் படிப்புக்குத்தான் போட்டேன் ஆன்ட்டி" என்றாள் ருத்வி. "உங்க பையனோட ஒண்ணாத்தான் உள்ள போனேன். அவனுக்குக் கிடைச்சது, எனக்குக் கிடைக்கலை. இப்ப பயாலஜி படிக்கிறேன். முடிச்சுட்டு மறுபடி போடுவேன். அப்பவும் கிடைக்கலைன்னா அதையும் வந்து சொல்றேன்."

சுற்றி நின்ற அம்மாமார்கள் அத்தனை பேரும் தங்கள் தங்கள் பிள்ளைகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். கேத்கிபென் தண்ணீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று தேடினாள்.

ஜாக்ருதிபென் பெரிதாகச் சிரித்தாள். "சும்மா விளையாடறா! இவளுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே..."

"அம்மா, நான் பேசிட்டிருக்கேன்" என்றாள் ருத்வி.

ஜாக்ருதிபென்னின் வாய் திறந்தபடியே நின்றது. உள்ளே ஒரு பொய்யும் மிச்சமில்லை.