வெங்காயம் நறுக்கிய வாப்பா

போன வருஷம் மழைக்காலம். காரைக்காலில் எங்கள் தெருவெல்லாம் காயாத துணியும் கடல்காற்றும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையானால் வயிற்றுவலி, யூனிஃபார்மை எடுத்தால் அழுகை. "வயித்துல ஒண்ணுமில்லம்மா, மனசுல என்னன்னு பாருங்க" என்றார் டாக்டர்.

எப்படிப் பார்ப்பது? எனக்குப் பகலெல்லாம் தையல் மெஷின். அவள் பேசினாலும் என் முதுகோடுதான் பேச வேண்டும். அவள் வாப்பா கத்தாரில். தினமும் வீடியோ காலில் வருவார். தூரத்தில் இருக்கிற மனிதர், பாசத்தைக் கேள்வியாகத்தானே அனுப்ப முடியும்? அவர் வாய் திறப்பதற்குள் இவள் ஒப்பித்துவிடுவாள்: "சாப்பிட்டேன், தொழுதேன், படிச்சேன். உம்மாட்ட குடுக்கவா?"

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை. முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கு அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. சும்மா இருங்க."

"சும்மா இருக்கவா போன் போடுறது? நல்ல ஆளு நீ!"

"சோறாக்கணும்ல? ஆக்குங்க. அவ பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

ஜும்மா தொழுகை முடிந்து அறைக்கு வந்தவர், போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்தார். இங்கே இவள் தலையணையில் சாய்த்து வைத்தாள். அவர் பேசவில்லை. கத்தி பேசியது, குக்கர் பேசியது. நான் மெஷினை நிறுத்திவிட்டு, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வாப்பா, பாதி வெங்காயத்த தோலோட சேத்து எறியிறீங்க."

"வந்து உரிச்சுக் குடேன், பெரிய சமையக்காரி."

சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. "கிளாஸ்ல யாரும் என்கூடப் பேச மாட்டேங்குறாங்க வாப்பா. நான் பக்கத்துல உக்காந்தா எந்திரிச்சுப் போயிடுறாங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பதைப்பு. சொல்லவில்லை. "ம்... சொல்லும்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், பழியைப் போட வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வெளியே பெய்த மழை விட்ட பிறகும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு அவளோடு பள்ளிக்குப் போனேன். வகுப்பு டீச்சர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பேசினார். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் மறுநாளும் அவள் போனாள், அதற்கு மறுநாளும் போனாள்.

பிழைப்பு எங்களில் ஒருவரைக் கடலுக்கு அப்பால் அனுப்பியிருக்கிறது, ஒருவரை மெஷின் மேல் குனிய வைத்திருக்கிறது. அதற்குள்ளேயும் ஒரு பிள்ளை தானாக வாய் திறக்கும்வரை அவசரப்படாமல் கூட இருக்க முடியும் என்று கண்ணால் கண்டவள் நான், அந்தத் தைரியம் இன்றுவரை என்னை நடத்திக்கொண்டு போகிறது.