நீளக் கூடாத குழாய்

அனிமேஷனில் கல்லை உருட்டிவிடுவது சுலபம். வளைந்து நெளிகிற பொருளை அதன் குணம் கெடாமல் அசைக்கப்போகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "இன்னுமா முடியல?" என்று கேள்வி வாங்கிய அத்தனை பேருக்கும் என் பாடு புரியும்.

மக்ரூன்

பிளஸ் டூ முடித்ததும் தூத்துக்குடியில் ஜான்சி அக்காவின் அனிமேஷன் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். எல்லாக் குரலும் நானே பேச வேண்டும். நெளிகிறதையெல்லாம் நானே நெளியவைக்க வேண்டும். முதலில் பேக்கரி விளம்பரத்துக்கு, முந்திரி போட்டு மொறுமொறுவென்று சுடுகிற எங்கள் ஊர் மக்ரூனைத் துள்ளவிட்டேன். பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, அசையும்போது விலகிய துண்டுகளைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப அதனதன் இடத்துக்குத் திருத்த வேண்டும். திருத்தலைக் குறைத்தால் வேலை சீக்கிரம் முடியும், பொருள் தளர்ந்துவிடும். நான் குறைத்திருந்தேன். பேக்கரி அண்ணாச்சி சொன்னதை அவர் குரலிலேயே இன்றும் சொல்லிக் காட்டுவேன்: "ஏலே, கடிச்சா நொறுங்கணும்லா, இது என்ன அல்வா கணக்கா ஆடுது?"

அந்தோணி அண்ணன்

அடுத்தது விளையாட்டில்லை. சங்கு குளிக்கிற அந்தோணி அண்ணனின் தம்பி, படகிலிருந்து காற்று வரும் குழாய் பாறையில் சிக்கி மடிந்ததால் கடலுக்கடியிலேயே இறந்துபோனார். இப்போது தம்பி மகன் சேவியர், வெயிலில் காய்ந்த பழைய குழாயோடு திங்கட்கிழமை இறங்கப்போகிறான். சொன்னால் கேட்கவில்லை. படமாகக் காட்டினால் கேட்பான் என்று நம்பி அண்ணன் எங்களிடம் வந்தார்.

அவசரத்தில் திருத்தலை மறுபடியும் குறைத்தேன். படத்தில் குழாய் மடியவே இல்லை, ரப்பர் மாதிரி நீண்டுகொடுத்தது. அண்ணன் திரையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "அன்னைக்கு இப்படி நீண்டு குடுத்திருந்தா என் தம்பி வீட்டுக்கு வந்திருப்பாம்லா."

பொடிப்பொடியாக

அண்ணனின் இந்தக் குரலை நான் யாருக்கும் பேசிக் காட்டியதில்லை.

திருத்தலைக் கூட்டினால் குழாய் சரியாக மடிந்தது, ஆனால் படம் திங்களுக்குள் முடியாது. அப்போதுதான் படத்தில் ஓடுகிற நேரத்தையே பொடிப்பொடியாக நறுக்கிப் பார்த்தேன். அத்தனை சின்ன நேரத்தில் குழாய் துளிதான் நகரும். ஒவ்வொரு பொடி நேரத்துக்கும் ஒரே ஒரு திருத்தல் போதும். "நறுக்குனா வேலை கூடும்லா, கிறுக்கா" என்று ஜான்சி அக்கா சிரித்தார். கூடவில்லை. குழாய் நீளாமல் வளைந்து, தட்டையாகி, மடிந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்: "நிறுத்துலே, எனக்கே மூச்சு முட்டுது."

ஞாயிறு

பூசை முடிந்ததும் மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் படம் போட்டோம். சேவியர் பின்னால் நின்று, "பெரியப்பா கார்ட்டூன் காட்டுதாரு, பாருங்கலே" என்று கூட்டாளிகளை இடித்தான். திரையில் குழாய் மடிந்தது. அந்த இடத்துக்கு நான் எந்தக் குரலும் கொடுத்திருக்கவில்லை.

சேவியர் வெளியே போய், தன் பைக்கில் கிடந்த பழைய குழாய்ச் சுருளோடு திரும்பி வந்தான். கையால் வளைத்தான். சட்டென்று மடிந்தது. விரித்தான், மறுபடி வளைத்தான். அதே இடத்தில் மடிந்தது. தலை நிமிராமல் கேட்டான்: "பெரியப்பா, புதுக் குழாய் எங்கன கிடைக்கும்?"

ஊரிலுள்ள குரலையெல்லாம் பேசிக் கைதட்டு வாங்கித் திரிந்த எனக்கு, ஒருத்தரும் கைதட்டாமல் எழுந்து போன அந்த ஞாயிறுதான் இந்தத் தொழிலில் கிடைத்த ஒரே உருப்படியான பாராட்டு.