மச்சாள் கம்பி பார்த்த நாட்கள்

கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் மச்சாள் இருந்தார். இந்தப் பக்கம், குசினியில், சீலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். கிற்றார் ஒருமுறை முழுதாக ஒலித்து மெல்ல அடங்கியது. பிறகு கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. "என்ன மாதிரிக் கிடக்கு? உள்ளதைச் சொல்லும்," என்றார் மச்சாள். திரும்பிப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. எந்தக் கம்பி பூட்டியிருக்கிறார் என்று கேட்கவும் கூடாது. பெயர் தெரிந்தால் விலையை நினைத்துக்கொண்டு புகழத் தொடங்கிவிடுவேன் என்பது என்னைப் பற்றி அவருக்கிருந்த அபிப்பிராயம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, கண்டியில் நீண்ட காலம் கணிதம் படிப்பித்தவர். கலியாணம் கட்டவில்லை. அம்பிட்டியவில் எங்கள் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளில்தான் இருக்கிறார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு அவர்தான் கிற்றார். பாடகர் குழு என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் ஆறேழு பேருக்கும் அந்த ஒரு கிற்றார்தான் துணை. எனக்கு வாத்தியம் எதுவும் தெரியாது. தொண்டை மட்டும் உண்டு. அவர் அடிக்க நான் பாடி, இரண்டு பேரும் சண்டை பிடித்து, மறுபடி அடித்துப் பாடிப் பழகியே நாங்கள் சிநேகிதிகள் ஆனோம். நாத்தனார்மாரைப் பற்றி ஊரில் சொல்லுகிற கதைகள் எங்களிடம் எடுபடவில்லை.

ஒரு மார்கழி மழையில் எங்கள் வீட்டுக்கு ஏறிவரும் படியில் பாசி வழுக்கி மச்சாள் விழுந்தார். கையை ஊன்றி விழுந்ததால் இடது மணிக்கட்டு முறிந்தது. பிளாஸ்டர் போட்டார்கள், கழற்றினார்கள், பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். கோப்பையைத் தூக்கலாம், சேலைக் கொசுவத்தைப் பிடிக்கலாம் என்ற அளவுக்குக் கை வந்தது. கிற்றார்க் கம்பியை அமத்துகிற அளவுக்கு வரவில்லை. ஒரு விரலால் ஆறு கம்பியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய இடம் வந்தால் ஒலி செத்துவிடும், மச்சாளின் முகமும் சுண்டிவிடும். பூசையில் கிற்றாருக்குப் பதிலாக யாரோ கைபேசியில் இசையைப் போட்டார்கள். பூசை வைக்கிற சுவாமி பீடத்துக்கு வந்து சேர முன்னமே அது பாட்டை முடித்துவிட்டது.

தவக்காலம் தொடங்கிய கிழமை, மச்சாள் தெல்தெனியவில் பிள்ளைகள் இல்லம் நடத்துகிற சிஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தார். ஈஸ்டர் முடிய வந்து தன் கிற்றாரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏன் இந்த அவசரம்? கை வருமெண்டுதானே சொல்லுகினம்?" என்றேன். "வருமெண்டு எல்லாரும் சொல்லுகினம். எப்பவெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மா சுவரில தொங்கவிட்டுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது," என்றார். குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அந்தக் கிற்றார் போனால் மச்சாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், அதன் பிறகு ஒருநாளும் வாசிக்கவும் மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

கம்பியை மாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். மச்சாள் எப்போதும் தடித்த கம்பியே பூட்டுவார். கிற்றார்க் கம்பி செட்டுகளை அவற்றில் ஆக மெல்லிய கம்பியின் தடிப்பை வைத்து அழைப்பார்கள். பத்து என்றால் மெல்லிசு, பதின்மூன்று என்றால் நல்ல தடிப்பு. மச்சாள் பதின்மூன்றுக்காரி. ஒலிபெருக்கி இல்லாமலே கோயிலின் கடைசி வாங்கில் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். மெல்லிய கம்பி பூட்டுகிறவர்களைப் பற்றி அவர் வைத்திருந்த கருத்தை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்டவரை நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கம்பிக் கடையில் நிறுத்த நான் இரண்டு நாள் மன்றாட வேண்டியிருந்தது.

அந்த இசைக் கருவிக் கடைக்கார முஸ்லிம் நானா மச்சாளை நன்றாக அறிந்தவர். அவருடைய மகளுக்கு மச்சாள்தான் கணிதம் படிப்பித்திருந்தார். கண்ணாடி மேசையில் பைக்கற்றுகளைப் பரப்பி வைத்துவிட்டு, "மெல்லிசு எடுத்தா அமத்த லேசு, டீச்சர். சத்தம் கொஞ்சம் கொறஞ்சு ஈக்கும். ரெண்டும் சேந்த கம்பி இன்னும் எனக்கு வரல்ல," என்று சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. மூன்று செட் தெரிந்தெடுத்தார். ஒன்று பன்னிரண்டு, செம்பு நிறத்தில் மினுங்குகிற வகை. மற்றது பட்டு நூல் சுற்றிய உள்ளோடு வருகிற மெதுவான கம்பி. மூன்றாவது பதினொன்று, வெளிர் மஞ்சள் வெண்கலம். "ஒரே கிற்றார், ஒரே அறை, ஒரே பாட்டு. கம்பியை மட்டும் மாத்துவம். ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்த வேணும்," என்று பஸ்ஸில் வரும்போதே சட்டம் போட்டார். சீலைக்குப் பின்னால் நான் இருக்க வேண்டும் என்ற சட்டமும் அப்போது பிறந்ததுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து ஒரு செட்டைப் பார்ப்போம். கம்பி பூட்டிச் சுருதி சேர்த்துக் கொடுப்பது என் கணவரின் வேலை. அவர் கைபேசியைப் பார்த்துச் சரியாகச் சேர்ப்பார். முதல் ஞாயிறு பன்னிரண்டு. என்ன சொல்வது, பால்தேத்தண்ணி குடித்த மாதிரி இருந்தது. அடியில் ஒரு கனம், மேலே ஒரு இதம். அதுதான் வேண்டும் என்று நான் குசினிக்குள்ளிருந்தே கத்தினேன். ஆனால் ஒரு விரலால் ஆறு கம்பியையும் பிடிக்கிற அந்தப் பொல்லாத இடம் வந்ததும் மச்சாளின் விரல் தோற்றுப்போனது. இரண்டாம் ஞாயிறு பட்டுக் கம்பி. விரலுக்கு நோவே இல்லை என்றார். ஒலியும் இல்லை என்றேன் நான். சோற்றுப்பானை கொதிக்கிற சத்தத்தில் பாதிப் பாட்டு காணாமல் போயிருந்தது. "வீட்டில தாலாட்டுப் பாட நல்லம். தாலாட்டத்தான் ஆக்கள் இல்லை," என்று அவரே கழற்றி வைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் ஞாயிறு என் கணவர் ஒரு செத்தவீட்டுக்குக் கம்பளைக்குப் போயிருந்தார். பின்னேரம் வந்து பூட்டித் தருவார், பொறுங்கோ என்றேன். மச்சாள் கேட்கவில்லை. தானே பழைய கம்பிகளைக் கழற்றி, பதினொன்றைப் பூட்டி, முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தார். கைபேசியை நீட்டினேன்; காது இருக்கிற ஆளுக்கு அது எதற்கு என்றார். நான் சீலைக்கு இந்தப் பக்கம் வந்து என் மரக்கறியைத் தொடங்கினேன். கிற்றார் ஒலித்தது. அந்தப் பொல்லாத இடம் வந்தது. ஆறு கம்பியும் தெளிவாகப் பேசின. நான் கத்தியைக் கீழே வைத்தேன். மச்சாள் நிறுத்தாமல் அடுத்த அடிக்குப் போனார், அதற்கும் அடுத்ததற்குப் போனார். இடையில் சின்னப் பிள்ளையைப் போல ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முறிந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்தே சேர்ந்து பாடத் தொடங்கினேன்.

பாட்டில் ஓர் உச்ச இடம் உண்டு. அங்கே போகும்போது எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். பத்து வருடமாகப் புடைத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு நோகாமல் ஏறி நோகாமல் இறங்கினேன். கம்பி மாற்றினால் மச்சாளின் விரலுக்கு ஆறுதல் கிடைக்கலாம், என் தொண்டைக்கு ஏன் கிடைக்க வேண்டும்? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டத்தை மீறிச் சீலையை விலக்கி உள்ளே போய், கைபேசியைக் கிற்றாருக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஆறு கம்பியும் ஒன்றுக்கொன்று பிசகில்லாமல் சேர்ந்திருந்தன. ஆனால் எல்லாமே இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு படி கீழே இருந்தன. முறுக்காணியை மேலும் திருக அந்த முறிந்த இடது கையில் பலம் இருக்கவில்லை. நொந்த இடத்தில் நிறுத்தி, அங்கேயே சேர்த்திருக்கிறார். கம்பி தளர்ந்திருந்தபடியால்தான் விரலுக்கு அமத்த முடிந்தது, என் தொண்டைக்கும் ஏற முடிந்தது.

மச்சாள் கைபேசியை வாங்கிப் பார்த்தார். "ஒரேயடியா கம்பி, சுருதி ரெண்டையும் மாத்திப்போட்டன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்தாலும் பிழை போட்டிருப்பன்," என்றார். பிறகு கிற்றாரை மடியிலிருந்து இறக்கினார். நான் அதைத் திரும்பத் தூக்கி அவருடைய மடியில் வைத்தேன்.

"இப்பிடியே இருக்கட்டும். இந்தச் சுருதியிலேயே பூசைக்கு அடியுங்கோ."

"சுருதியை இறக்கினால் பாட்டு அழுது வடியும். கோயிலே நித்திரை கொள்ளும். எனக்காக ஊரெல்லாம் கீழ இறங்க வேணுமோ?"

"அந்தச் சுருதியை ஆர் போட்டது? ஆண்டவரோ?"

முன்பு பாடிய ஒரு அக்காவின் மெல்லிய குரலுக்காக யாரோ வைத்த சுருதி அது. அந்த அக்கா கனடாவுக்குப் போய் எத்தனையோ காலம். "ஈஸ்டருக்கு ஒருக்கால் அடியுங்கோ," என்றேன். "சரிவராட்டில் நானே துடைச்சு சிஸ்டரிட்டைக் குடுக்கிறன்." அடுத்த நாள் மச்சாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே சுருதியில் பயிற்சி செய்கிற சத்தம் கேட்டது.

எங்கள் கோயிலில் முன் வாங்குகளில் பெரும்பாலும் எங்களைப் போல வடக்கிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். கடைசி வாங்குகளில், நகரத்துக் கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்கிற மலையக ஆண்கள் இருப்பார்கள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், பாடமாட்டார்கள். அவர்களுக்குக் கூச்சம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சுவாமி பல தடவை பிரசங்கத்திலேயே கேட்டுப் பார்த்துக் களைத்துவிட்டார்.

ஈஸ்டர் அன்று மச்சாள் ஒரு படி கீழே தொடங்கினார். நெற்றியில் வேர்வை. முதல் சரணத்தில் அவருடைய விரல்களைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பொல்லாத இடம் வந்தது, போனது. இரண்டாம் சரணத்தில் எங்கள் குரல்களுக்கு அடியில் ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டது. முதலில் அது என்னவென்று விளங்கவில்லை. வெளியே லொறி ஏதும் நிற்கிறதோ என்று நினைத்தேன். மச்சாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கடைசி வாங்குகள் பாடிக்கொண்டிருந்தன. தடித்த, கொஞ்சம் பிசகிய, கூச்சமே இல்லாத ஆண் குரல்கள். பூசை முடிந்து படியிறங்கும்போது அவர்களில் ஒருவர் மச்சாளிடம் வந்து, "இன்னைக்குத்தாங்க டீச்சர் நம்ம தொண்டைக்கு எட்டுச்சு. இத்தன நாளும் மேல ஏறவே முடியல்லையே," என்றார். மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

அடுத்த கிழமை தெல்தெனியச் சிஸ்டர் வந்தார். தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிப் பேசி முடிந்ததும், "குறை நினையாதையுங்கோ சிஸ்டர், பிள்ளையளுக்கு வேற ஒண்டு தேடித் தாறன். இதுக்கு இப்ப இஞ்ச வேலை கிடக்கு," என்றார் மச்சாள். சொன்னபடியே ஒன்றைத் தேடிக் கொடுக்கவும் செய்தார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மச்சாள் ஓய்வு பெற்றுவிட்டார். கை பழையபடி வந்துவிட்டது. தேங்காய் துருவுகிற அளவுக்கு வந்துவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிறு, என்னிடம் சொல்லாமலே பதின்மூன்றைப் பூட்டி, பழைய சுருதிக்கு ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்திருந்தார். முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த ஒலி எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு பெரிய, நிமிர்ந்த ஒலி. தோற்ற கையை வென்று காட்டுகிற ஒலி. மச்சாளின் முகத்தில் அந்தச் சந்தோசம் தெரிந்தது, அதைப் பார்க்க எனக்கும் சந்தோசமாக இருந்தது. முதல் சரணம் உச்சத்துக்கு ஏறியது. கடைசி வாங்கில் ஒரு குரல் கூடவே ஏறப் பார்த்து, பாதியில் உடைந்து நின்றது. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன.

சரணம் முடிந்ததும் மச்சாள் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாட்டை நிறுத்தினார். சுவாமி பீடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். முன் வாங்குகளில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மச்சாள் யாரையும் பார்க்காமல் கிற்றாருக்கு மேல் குனிந்து, முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருகித் தளர்த்தத் தொடங்கினார். இப்போது அந்தக் கையில் பலம் தாராளமாக இருந்தது. கோயில் முழுவதும் காத்திருந்தது. ஆறாவது கம்பியையும் இறக்கிச் சேர்த்த பிறகு என்னை நோக்கித் தலையசைத்துவிட்டுக் கம்பிகளில் கையைப் போட்டார். இரண்டாம் சரணத்தைப் பிடிக்க நான் மூச்சை எடுத்தேன். எனக்கு முன்னமே கடைசி வாங்குகள் அதைத் தொடங்கிவிட்டன.