பெண்டிழந்தான் சுழி

கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத மருமகள் பேருக்குக் கடையை மாற்றி எழுதப்போகிறோம் என்று மாமனார் சொன்னால், எந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம்தான் வரவேண்டும். மஹ்விஷுக்குச் சந்தேகம் வந்தது. பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ஜிப், பட்டன், லைனிங் துணி, புடவை ஃபால்ஸ் விற்கிற கடை அது. சின்னக் கடைதான், ஆனால் தையல்காரர்கள் நாள் முழுக்க மொய்ப்பார்கள். இப்போது மாமியார் ஜஹீதா பேரில் இருந்தது. அதற்கு முன் ஜஹீதாவின் மாமியார் பேரில், அதற்கும் முன் அந்த மாமியாரின் மாமியார் பேரில். இந்த வீட்டு ஆண்கள் பேரில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

அண்ணன் யாசிருக்குப் போன் போட்டாள். "இதுல எதோ வில்லங்கம் கீது. நாளைக்கு எதனா கேஸுன்னா உன்னத்தான் இஸ்துனு போவானுங்க. விசாரிக்காம கையெழுத்து போட்றாத," என்றான் அவன்.

விசாரிப்பது மஹ்விஷுக்குக் கைவந்த கலை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவாள். கணவன் நதீமைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவா? அது குதிரையால வந்த பழக்கம்," என்றான் நதீம், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"குதிரையா? உங்க வீட்லயா?"

அவன் பாதி சொன்னான். சமையலறையிலிருந்து ஜஹீதா குறுக்கே வந்து வந்து மீதியைச் சொன்னார். இரண்டையும் ஒட்டவைத்தால் கிடைப்பது நஸ்ருன்னிசா என்கிற பெண்ணின் கதை.

நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. தாராபுரத்துக்கு மேற்கே, சோளமும் பருத்தியும் விளைந்த ஓர் ஊர். பஸ் எட்டிப்பார்க்காத காலம். சந்தைக்குப் போகவும் சம்பந்தி வீட்டுக்குப் போகவும் வசதியான குடியானவர்கள் குதிரை வைத்திருந்தார்கள். வாங்கும்போது பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைத்தான் பார்ப்பார்கள். ரோமம் எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்பதை வைத்து, இது வந்தால் களஞ்சியம் நிறையும், அது வந்தால் வீடு பற்றியெரியும் என்றெல்லாம் ஒரு கணக்கு. எல்லோரும் அலறி ஓடியது ஒரு சுழிக்குத்தான். அதன் பேர் பெண்டிழந்தான் சுழி. அந்தக் குதிரையைச் சொந்தமாக்கிக் கொண்டவனின் பெண்டாட்டி செத்துப்போவாளாம்.

அங்கே ஷரஃபுதீன் என்று ஒரு குதிரை வியாபாரி இருந்தார். முப்பது வயதாகியும் ஒண்டிக்கட்டை. பெண்டாட்டியே இல்லாதவன் எந்தப் பெண்டை இழப்பான் என்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பிழைக்கத் தெரிந்த மனிதர்.

"ஏனுங் ராவுத்தரே, இந்தச் சனியனைப் புடிச்சுட்டுப் போயிருங்க. நீங்க குடுக்கறதைக் குடுங்க," என்று குடியானவர்கள் கயிற்றை அவர் கையில் திணித்தார்கள். எல்லாம் லட்சணமான பெட்டைக் குதிரைகள். அவற்றை நல்ல ஆண்குதிரையோடு சேர்த்தார். பதினொரு மாதம் சுமந்து அவை போட்ட குட்டிகளில் பலவற்றுக்குச் சுழி சுத்தமாக இருந்தது. தாயை விரட்டின வீட்டுக்காரர்களே குட்டியைக் கேட்டு வந்து நின்றார்கள்.

வியாபாரம் கொழித்தது, பெண்தான் கிடைக்கவில்லை. அப்பேர்ப்பட்ட குதிரைகள் நான்கு நிற்கிற வீட்டுக்கு எவன் மகளை அனுப்புவான்? குதிரைகளை விற்றுவிட்டால் பெண் தருகிறோம் என்றார்கள். விற்றுவிட்டால் சோற்றுக்கு எங்கே போவது? மனிதர் தவித்துப்போனார்.

நஸ்ருன்னிசா குதிரைக்கு லாடம் அடிக்கிறவரின் மகள். ஷரஃபுதீன் பெண் கேட்டு வந்தபோது அவளுடைய அத்தாவும் முடியாது என்றுதான் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அந்த நாலு குதிரையையும் எனக்கு மஹராக் குடுக்கச் சொல்லுங்க அத்தா. அப்புறம் அது என் குதிரை. எனக்கு ஏது பெண்டாட்டி, சாகறதுக்கு?"

மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் மார்க்கப்படி அவளுக்கே சொந்தம், அதில் கணவனுக்குப் பங்கில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் தாடியைத் தடவித் தடவி யோசித்தார். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. ஊர் சிரிக்கச் சிரிக்க நிக்காஹ் நடந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் பட்டணத்து வியாபாரி ஒருவர் வந்து, இருந்ததிலேயே நல்ல சிவப்புக் குதிரையைக் கேட்டார். அது அப்போது சினையாக இருந்தது. ஷரஃபுதீன் அச்சாரம் வாங்கிவிட்டார். நஸ்ருன்னிசா கொட்டிலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னைக் கேக்காம என் குதிரையை எப்படி வித்தீங்க?"

"பேருக்குத்தானே உனக்குக் குடுத்தேன்?"

"பேருக்கா? நிஜத்துல அது உங்க குதிரைன்னா, நான் இந்நேரம் செத்திருக்கணும். நான் உசுரோட இருக்கேன்னா அது என் குதிரை. எதுன்னு இப்பவே சொல்லிருங்க."

அச்சாரம் திரும்பிப் போனது. அன்றிலிருந்து எந்தக் குதிரையை எதனோடு சேர்ப்பது, எந்தக் குட்டியை யாருக்குக் கொடுப்பது எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அந்தப் பக்கம் பஸ் ஓட ஆரம்பித்ததும் குதிரைக்கு இனி மவுசு இருக்காது என்று மோப்பம் பிடித்து, விலை இருக்கும்போதே விற்றாள். குடும்பத்தை மதராஸுக்குக் கிளப்பித் தன் பேரில் இந்தக் கடையை வாங்கியதும், வீட்டுக்கு மருமகள் வந்தால் அதை அவள் பேருக்கு மாற்றவேண்டும் என்று வைத்ததும் அவள்தான். பெண்டிழந்தான் சுழியோ, கணவரை அடக்கம் செய்த பிறகும் பல வருஷம் அவளைத் திடமாக வைத்திருந்தது.

கேட்டு முடித்ததும் மஹ்விஷுக்கு அந்தக் குதிரைக்காரி மேல் ஆசையே வந்துவிட்டது. சந்தேகம் மட்டும் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

"மாமி, கடை உங்க பேருக்கு வந்ததிலேருந்து அதுல நீங்க என்னென்ன முடிவு பண்ணீங்க?"

ஜஹீதா கரண்டியும் கையுமாக நின்று யோசித்தார். "எங்க கையெழுத்துப் போடணும்னு உங்க மாமா விரல் வெச்சுக் காட்டுவாரு. அங்க போடுவேன்."

"கடைசியா எப்ப கடைக்குப் போனீங்க?"

"நோன்புப் பெருநாளைக்கு. இல்லல்ல, அது போன வருஷப் பெருநாளு."

மஹ்விஷுக்குச் சுருக்கென்றது. நாளைக்குத் தன் கதையும் இதுதானே என்று பயமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மதியம் மாமனார் அன்வர் பாஷா சாப்பிட வந்தார். "திங்கக்கெழமை போயி கையெழுத்து போட்டுறலாம்மா," என்றார்.

"போட்டா கடை என்னுதா மாமா?"

"உன்னுதுதாம்மா. பேருக்கு உன்னுது. கடைய நாங்க பாத்துக்குவோம்."

"பேருக்குன்னா எனக்கு வேணாம் மாமா. என்ன வாங்கறது, என்ன விக்கறதுன்னு நான் சொல்லலாம்னா போடறேன்."

நதீம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அன்வர் பாஷா சிரித்தார். "ஜிப்புக்கும் பட்டனுக்கும் நீ இன்னாம்மா முடிவு பண்ணப்போற? ஜஹீதா, நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

ஜஹீதா தால்ச்சாவை ஊற்றிவிட்டு நிமிர்ந்தார். "சொல்றேன். கடை இன்னும் என் பேர்லதானே இருக்கு? அதைக் குடுக்கறேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அன்வர் பாஷாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மருமகளைக் கேட்டார்கள், மகனைக் கேட்டார்கள். ஜஹீதாவைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மஹ்விஷுக்கும்தான்.

"சாவியைக் குடுங்க. போய்ப் பாத்துட்டு வந்து, குடுக்கறதா வேணாமான்னு சொல்றேன்."

சாப்பாட்டுக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் இடது கையால் சட்டைப் பையைத் துழாவினார்.

"கையைக் கழுவிட்டே குடுங்க," என்றார் ஜஹீதா. "நான் நிக்கறேன்."