மடப்பள்ளிச் சாம்பார்

என் வாழ்க்கையின் முதல் பெரிய பொய்யைச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. அதைச் சொன்னது ஒரு தட்டு சாம்பார் சாதத்துக்காக.

அந்தக் கார்த்திகை மழையில் வேகவதி ஆறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. தறிக்குழியெல்லாம் தண்ணீர். தெரு மொத்தமும் மாதா கோயில் பள்ளிக்கூடத்து ஹாலில் பாய் விரித்தோம். அரிசியும் பருப்பும் சிவன் கோயில் கொடுத்தது. இத்தனை பேருக்கு ஆக்குகிற அண்டாவும் ஆளும் பள்ளிவாசலில்தான் இருந்தன என்பதால் சமையல் அங்கே. தினமும் காலையில் ஃபாதர் ஸ்பீக்கரில் இதையெல்லாம் விவரமாகச் சொல்லி நன்றி கூறுவார். பிள்ளைகள் நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் கீழே பெரியப்பாவின் பாய் இருந்தது.

பெரியப்பா அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கறி வெந்த பாத்திரத்தில் ஆக்கியதைச் சாமி தொடமாட்டார். சமையல்கார பாய் அண்டாவைப் புளி போட்டு மூன்று முறை தேய்த்ததாகப் பெரியம்மா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. பெரியப்பா சர்க்கரைக்காரர் வேறு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் டீயிலேயே இரண்டு நாள் ஓட்டினார். இரண்டாம் நாள் சாயங்காலம் டம்ளர் பிடித்த கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்வை.

"மாலைய கழட்டினாலும் பரவால்ல, சாப்டுங்க சாமி," என்று பெரியம்மா அழுதார். பெரியப்பா செத்துப்போவார் என்றே நான் நினைத்தேன்.

மறுநாள் பள்ளிவாசல் வரிசையில் நின்று ஒரு தட்டு வாங்கி வந்தேன்.

"சாமி, இது கோயில் மடப்பள்ளியில செஞ்சது. உங்களுக்குன்னு தனியா குடுத்தாங்க."

"நெசமாவா?"

"சாமி சத்தியமா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தட்டைக் காலி செய்து விரலையும் நக்கினார்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்ள முடியவில்லை. பெரியப்பாவின் தலைமாட்டில் ஐயப்பன் படம் இருந்தது. அதிலிருந்த புலி என்னைத்தான் முறைத்தது. விரதத்தைக் கெடுத்தவளை அது சும்மா விடுமா? ஆனாலும் மறுநாளும் அதே கேள்வி, அதே சத்தியம்.

அதற்கடுத்த நாள் சமையல்கார பாய், வாளியும் கரண்டியுமாக ஹாலுக்கே வந்துவிட்டார். வரிசையாகப் பரிமாறிக்கொண்டே வந்து, தட்டோடு உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் முன்னால் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா சாமி?"

"ஊத்துங்க பாய். நேத்து உப்பு கம்மியா இருந்துச்சு."

"இன்னிக்கு சரியா இருக்குது, சாப்ட்டு பாருங்க."

பெரியப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இது எங்க செஞ்சதும்மா?"

"மடப்பள்ளியில," என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "ஆமா சாமி, மடப்பள்ளிதான்," என்று இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்.

பாவம், என்னைக் காப்பாற்றப்போய் பாயும் மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு ஒரே கவலை. அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் சேர்த்தே புலியிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியப்பாவுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.